பெயரைக் கடைசியில் வாசியுங்கள்: பழைய சவரக்கத்தியின் ஊரையும் அசலையும் அறிவது எப்படி

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் பழைய மடக்குச் சவரக்கத்தி கிடைக்கிற இடங்கள் அநேகமாகத் தெரிந்தவைதான். மூடிவிட்ட சலூனின் லாச்சி, அம்மப்பாவின் தகரப்பெட்டி, போத்தல், பழைய இரும்பு எடுக்கிறவரின் சாக்கு. காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்றில் பரம்பரையாகச் சுன்னத்துச் செய்கிற ஒஸ்தாமார் குடும்பங்களிலும் ஒன்றிரண்டு பத்திரமாக இருக்கக்கூடும். பிளேட்டைப் பாதியாக உடைத்துச் செருகுகிற கத்தி சலூன்களுக்கு வந்த பிறகு, தீட்டித் தீட்டிப் பாவிக்கிற இந்தக் கத்திகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. விற்பவர் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: "வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் தம்பி, அசல் இங்கிலாந்து."

இருக்கலாம். 1948 வரை இங்கே பிரித்தானிய ஆட்சி. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கத்திகள் தாராளமாக வந்திருக்கும். ஜெர்மனியின் சோலிங்கன் கத்திகளும் உலகச் சந்தையெங்கும் போயின. ஆனால் புதிதாகச் சேர்க்கத் தொடங்குகிறவர்கள் செய்வது என்ன? போனை எடுத்து, கத்தியில் குத்தியிருக்கும் பெயரைத் தேடி, பெரிய கம்பனி என்று கண்டதும் காசை நீட்டிவிடுகிறார்கள். பெயர் போலியாக இருக்கலாம். உண்மையான பெயராகவே இருந்தாலும் அது அலகைப் பற்றி மட்டுந்தான் சொல்லும், பிடியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. அதனால் நான் சொல்லும் ஒழுங்கு தலைகீழானது. முதலில் உருவம், பிறகு பிடி, ஆணி, தேய்மானம். பெயர் கடைசி.

கையில் எடுத்ததும்

பெருவிரலால் கூர் பார்க்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். துருப்பிடித்த பழைய கூர்தான் மோசமாக வெட்டும், பிறகு ஏற்பூசிக்கு ஓட வேண்டும். யார் யாருடைய முகத்தில் ஓடிய கத்தியோ தெரியாது, ஆகவே பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு அலகை மட்டும் மெதுவாகத் துடையுங்கள். பிடியில் ஸ்பிரிட் படக்கூடாது. சில வகைப் பிடி அதில் கரைந்து மங்கிவிடும்.

அதற்குமேல் சுத்தம் செய்யாதீர்கள். புளி, சாம்பல், பிராசோ, சாண்ட்பேப்பர் எதுவும் வேண்டாம். அலகின் பக்கத்தில் பூவேலையோ எழுத்தோ அமிலத்தால் அரித்து, அதன்மேல் மெல்லிய பொன்பூச்சுப் போட்டிருப்பார்கள். ஒரு தடவை பிராசோ போட்டால் அந்தப் பொன் போய்விடும், திரும்ப வராது. துருவைக் கிளறினால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும். நமக்கு வேண்டிய சாட்சி எல்லாம் அந்த அழுக்குக்குள்தான் இருக்கிறது. ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் தடவித் துணியால் ஒற்றி எடுங்கள், போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம். நாள் போகப் பிசினாகி ஒட்டும்.

அலகின் உருவம்

கத்தியின் பாகங்களுக்கு நான் பாவிக்கும் பெயர்கள் இவை. தடித்த மேல்பக்கம் முதுகு. வெட்டுகிற பக்கம் வாய். அலகுக்கும் பிடிக்கும் நடுவில் பெயர் குத்தியிருக்கும் கட்டைப் பகுதி கழுத்து. பிடிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு வளைந்து நிற்பது வால்.

முதலில் வாலைப் பாருங்கள். 18ஆம் நூற்றாண்டுக் கத்திகளில் வால் கட்டையாக இருக்கும், விரல் வைக்கவே இடம் இராது. அலகும் கழுத்துப் பக்கம் ஒடுங்கி முனைப் பக்கம் அகன்றிருக்கும். 1800ஐ ஒட்டி வால் நீளத் தொடங்குகிறது. பிறகு கழுத்துக்கும் அலகுக்கும் நடுவே தோள் போல ஒரு திருப்பம் தெளிவாகிறது, அலகு அகலமாகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஷெஃபீல்ட் கத்திகளில் கையில் பாரம் தெரிகிற அகன்ற அலகுகளைக் காணலாம்.

அடுத்து, கத்தியை விரித்து முனையை உங்கள் கண்ணுக்கு நேரே பிடியுங்கள். பின்னால் ஜன்னல் வெளிச்சம் இருக்கட்டும். முதுகிலிருந்து வாய் வரை நேர்கோடாகச் சரிந்து ஆப்பு வடிவில் தெரிந்தால் அது பழைய முறை. இரு பக்கமும் உள்ளே குழிந்து, வாய்ப் பக்கம் தாளாக மெலிந்திருந்தால் குழிவாகச் சாணை பிடித்தது. சிறிய விட்டமுள்ள சாணைச் சக்கரத்தில் இந்தக் குழிவை ஆழமாக எடுக்கும் கலை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலாகியது. சோலிங்கன் அதில் பெயர் எடுத்தது. முழுக் குழிவான அலகின் வாய்க்குச் சற்று மேலே நகத்தால் மெதுவாகச் சுண்டினால் 'ணிங்' என்று ஒரு மெல்லிய ஓசை இழுபடும். ஆப்பு அலகு 'டக்' என்பதோடு சரி.

ஒன்று மட்டும் கவனம். குழிவு என்றால் ஜெர்மனி, தடிப்பு என்றால் இங்கிலாந்து என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஷெஃபீல்டும் குழிவு செய்தது, தடித்த கத்திகளும் பிற்காலத்தில் வந்தன. உருவம் காலத்தைப் பற்றி ஒரு ஊகம் தரும், அவ்வளவுதான். அந்த ஊகத்தைக் கொப்பியில் எழுதி வைத்துவிட்டுப் பிடிக்கு வாருங்கள்.

பிடி

மோசடியும் குழப்பமும் அதிகம் நடப்பது இங்கேதான். அலகு நூறு வருடம் கிடக்கும், பிடி கிடக்காது. கீழே விழுந்து வெடிக்கும், பூச்சி அரிக்கும், உப்புக்காற்றில் கோணும். நம் பக்கம் பிடி உடைந்தால் கத்தியை எறியவில்லை. மாட்டுக்கொம்பு, மான்கொம்பு, கருங்காலி என்று கையில் கிடைத்ததைச் சீவிப் போட்டார்கள். அப்படி இரண்டாம் பிடி போட்ட கத்தி போலி இல்லை. ஆனால் அதை அசல் பிடி என்று சொல்லி விற்றால் அது பொய். பொருள் வாரியாகப் பார்ப்போம்.

கொம்பு: டோர்ச்சை ஒரு பக்கம் வைத்து மறுபக்கம் பாருங்கள். மெல்லிய ஓரங்களில் தேன் நிறமும் நீளவாக்கில் நாரும் தெரியும். ஓரத்தில் சின்னச் சின்னக் கடிவாய்கள் இருந்தால் அது பூச்சி தின்றது, பிளாஸ்டிக்கைப் பூச்சி தின்னாது. கறுப்புச் சாயம் ஏற்றி அச்சில் அழுத்திய கொம்பில் வெளிச்சம் குறைவாகத்தான் ஊடுருவும். அப்போது உட்பக்கத்தைப் பாருங்கள், சாயம் ஒரே சீராக இருக்காது.

எலும்பு: வெள்ளைப் பிடியில் ஊசி குத்தியதுபோல் கரும்புள்ளிகளும் குட்டிக் கோடுகளும் இருந்தால் எலும்பு. அவை இரத்தம் ஓடிய நுண்குழாய்களின் வாய்கள்.

யானைத்தந்தம்: அந்தப் புள்ளிகள் இராது. நெளிவான மெல்லிய வரிகள் இருக்கும், குறுக்கே வெட்டிய முகத்தில் அவை ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு வலை போலத் தெரியும். மாறாக, வரிகள் றூளர் வைத்துக் கீறியதுபோல் நேராகவும் சம இடைவெளியிலும் ஓடினால் தந்தம் மாதிரிச் செய்த செலுலாய்ட். தந்தம் என்று உறுதியானால் வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இங்கே நடைமுறையில் இருக்கிறது. இலங்கை 1979 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கையிலும் உறுப்பு நாடு. வீட்டுச் சொத்தாக வந்திருந்தால் முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேளுங்கள். ஆமையோட்டுப் பிடிக்கும் இதே பேச்சுத்தான். உண்மை ஆமையோட்டில் கபில நிறத் திட்டுகள், உற்றுப் பார்த்தால் நுண்ணிய புள்ளிகளின் கூட்டமாகத் தெரியும். செலுலாய்டில் நிறம் இழுத்துப் பூசியதுபோல் ஓடும்.

செலுலாய்ட்: 1870களில் வந்த ஆரம்பகாலப் பிளாஸ்டிக். 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியிலிருந்து சவரக்கத்திப் பிடியாக ஏராளமாகப் போனது. பெருவிரலால் நன்றாகத் தேய்த்துச் சூடாக்கி உடனே மணந்து பாருங்கள். கற்பூர மணம் வரும். அதைச் செய்யும்போது சேர்த்தது உண்மையான கற்பூரந்தான், மாமாங்கக் கோயில் வாசலில் வருகிற அதே மணம். சிலர் ஊசியைச் சூடாக்கிக் குத்திப் பார்க்கச் சொல்வார்கள். செய்யாதீர்கள், செலுலாய்ட் குப்பென்று பற்றும். அது பழுதாகும்போது அமில ஆவியையும் விடும். பிடிக்குள் கிடக்கும் பகுதி மட்டும் அசாதாரணமாகத் துருவேறியிருந்தால் பிடியைத்தான் சந்தேகியுங்கள். அப்படிப்பட்ட கத்தியை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் போட்டால் எல்லாவற்றுக்கும் நோய் வரும்.

கறுப்பு றப்பர்ப் பிடி: கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கியது, தேய்த்தால் கந்தக மணம். வெயில் பட்டுப் பட்டுப் பச்சை கலந்த கபிலமாக மங்கியிருக்கும். பேக்கலைட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் 1907இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஆகவே பேக்கலைட் பிடியோடு வருகிற கத்தியைப் பார்த்து "இருநூறு வருடம்" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டு வந்துவிடலாம்.

ஆணியும் வளையமும்

பிடியின் இரண்டு தட்டுகளையும் இணைப்பது இரண்டு அல்லது மூன்று ஆணிகள். அசல் வேலையில் மெல்லிய பித்தளைக் கம்பியை நுழைத்து, இரு பக்கமும் குட்டி வளையம் வைத்து, சின்னச் சுத்தியலால் சுற்றிச் சுற்றித் தட்டித் தலையைக் குமிழாக்கியிருப்பார்கள். வளையங்கள் எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறக் களிம்பு, சுற்றிவரத் தடத்தில் பழைய அழுக்கு. இவை மூன்றும் பொருந்தினால் பிடியை யாரும் கழற்றவில்லை என்று ஓரளவு நம்பலாம்.

ஒரு ஆணி மட்டும் மினுங்கினால் திருத்தியது. திருகாணி இருந்தால் பிற்கால வேலை. சைக்கிள் ஸ்போக் வெட்டிப் போட்ட கத்தியும் இங்கே வரும். அதில் ஆணித் தலை வெள்ளையாக நிற்கும், சிலவேளை துருவும் கசிந்திருக்கும். பிடியில் பாவிக்காத துளை ஒன்று அடைத்துக் கிடந்தால் அந்தப் பிடி வேறொரு கத்தியிலிருந்து வந்தது.

அலகு சுழலும் ஆணிக்கு எதிரே, பிடியின் மறுமுனையில் இரு தட்டுக்கும் நடுவே ஒரு ஆப்பு இருக்கும். பழைய ஷெஃபீல்ட் கத்திகளில் பெரும்பாலும் ஈயம். சாம்பல் நிறம், நகத்தால் அழுத்தினால் தடம் விழும், தொட்டபின் கையைக் கழுவுங்கள். கொம்பு, எலும்பு ஆப்புகளும் உண்டு.

இப்போது கத்தியை மடக்குங்கள். அலகு பிடிக்குள் நடுவாக இறங்க வேண்டும். முனை ஆப்பில் முட்டக்கூடாது, வாய் வெளியே எட்டிப் பார்க்கக்கூடாது. பிடிக்குள் இடம் அளவுக்கதிகமாக மிஞ்சினாலும் யோசியுங்கள். அது ஊர் மாறிக் கட்டிய கல்யாணம்.

தேய்மானம்

சலூனில் உழைத்த கத்தி தோல்வாரிலும் கல்லிலும் தேய்ந்து மெலியும். கல்லில் தீட்டும்போது முதுகும் வாயும் சேர்ந்து கல்லைத் தொடுவதால், முதுகின் இரு பக்கமும் பளபளப்பான தட்டைப் பட்டி விழும். பட்டி ஒடுக்கமாகவும் இரு பக்கமும் ஒரே அகலமாகவும் இருந்தால் கைதேர்ந்தவர் பாவித்த கத்தி. ஒரு பக்கம் அகலமாகவோ முனைப் பக்கம் மட்டும் அகலமாகவோ இருந்தால் அலகு கோணலாகத் தேய்ந்திருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு உதவும். குழிவான கத்திகளில் அலகின் அகலம் முதுகுத் தடிப்பின் மூன்றரை முதல் நாலு மடங்கை ஒட்டி இருக்கும். முதுகு 5 மில்லிமீற்றர் என்றால் அகலம் 18 முதல் 20 வரை. அளந்தால் 14தான் வருகிறது என்றால் அலகு வெகுவாகக் குறைந்துவிட்டது, அல்லது வாய் உடைந்து யாரோ அரைத்து எடுத்திருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள். ஐந்து என்றால் ஏறக்குறைய 16 மில்லிமீற்றர், ஆறு என்றால் 19.

அலகில் பூவேலை இருந்தால் அது நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். முனைப் பக்கம் எழுத்து ஒட்டிக்கொண்டு, கழுத்துப் பக்கம் தாராளமாக இடம் கிடந்தால் முனை உடைந்து திருத்தப்பட்டது. வாய் வெளிப்பக்கம் மெல்ல வளைந்திருப்பது அசல் வடிவமாக இருக்கலாம். நடுவில் உள்ளே வளைந்திருந்தால் அது தேய்வு மட்டுந்தான்.

துருவையும் பிரித்தறிய வேண்டும். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் மேல்துரு சாதாரணம், மாரி மழைக்குள் ஒரு கிழமை கவனிக்காமல் விட்டாலே வரும். உப்புத் தண்ணீருக்குள் கிடந்தது வேறு. 1978 சூறாவளியிலும் 2004 சுனாமியிலும் வெள்ளத்துக்குள் போய் மீண்ட வீட்டுச் சாமான்களில் கரும்பள்ளங்கள் ஆழமாக விழுந்திருக்கும். வாய்க்கு அருகே அப்படிப் பள்ளம் இருந்தால் அந்தக் கத்தி இனிச் சவரத்துக்கு உதவாது, நினைவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனிப் பெயர்

டோர்ச்சைப் பக்கவாட்டில், கழுத்துக்குக் கிட்டத்தட்டச் சமாந்தரமாகப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத எழுத்து நிழலாக எழும்பும். அப்படியும் தெரியாவிட்டால் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேயுங்கள். இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் செய்தவர், மறுபக்கம் ஊர் என்று இருப்பது வழக்கம். விற்ற கடையின் பெயரை மட்டும் குத்திய கத்திகளும் உண்டு, அவற்றில் ஊரை உருவத்தாலும் வேலைப்பாட்டாலும்தான் ஊகிக்க வேண்டும்.

எழுத்து அசலா? பழைய எழுத்து, இரும்பைக் கடினமாக்குவதற்கு முன்பு அச்சால் குத்தியது. எழுத்தின் அடி ஆழமாகவும் கொஞ்சம் ஏற்றத்தாழ்வாகவும் இருக்கும், துருப்பள்ளம் எழுத்தை அரித்துக்கொண்டு போயிருக்கும். பள்ளத்துக்கு மேலாக எழுத்துப் புதுசாக ஓடினால், அதாவது துரு முதலில் வந்து எழுத்து பிறகு வந்திருந்தால், அது நேற்றைய வேலை. லேசரில் எழுதியது ஆழமில்லாமல் ஒரே சீரான கருங்கோடாகத் தெரியும். அலை அலையாகக் கோலம் போட்ட 'டமஸ்கஸ்' அலகோடு புராதனம் என்று சொல்லி வருகிற மலிவுக் கத்திகளில் பெரும்பாலானவை இந்தக் காலத்தில் பாகிஸ்தானில் செய்து வருபவை.

ஷெஃபீல்டில் அடிக்கடி காண்பவை: ஜோசப் ரொஜர்ஸ், அடையாளம் நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும். ஜோர்ஜ் வொஸ்டன்ஹோம், அடையாளம் ஐ, எக்ஸ், எல் என்ற எழுத்துகள், ஐக்குப் பின் ஒரு நட்சத்திரம். வேட் அண்ட் புச்சர், அடையாளம் அம்பும் சிலுவையும். ரொஜர்ஸ் பெயருக்குப் போலி அதிகம், ஆங்கிலத்தில் 'டி' எழுத்து இல்லாத ரொஜர்ஸ் என்றால் இன்னொரு தடவை பாருங்கள். குறொப் என்ற பெயர் ஜெர்மன் மாதிரி ஒலித்தாலும் அந்தக் கத்தி ஷெஃபீல்டில் செய்யப்பட்டு லண்டன் கம்பனியால் விற்கப்பட்டது. பெங்கால் என்பதும் ஷெஃபீல்ட்தான், வங்காளத்தில் செய்தது இல்லை.

சோலிங்கனில் ஹென்கெல்ஸின் இரட்டையர் உருவம் 1731இல் பதிவானது. போக்கரின் அடையாளம் மரம். ஃபிரீட்றிச் ஹேர்டரின் அடையாளம், முன்னூற்றிநாலு சீட்டு விளையாடுகிறவர்களுக்குத் தெரிந்த ஸ்கோப்பன். ஹென்கெல்ஸ் கத்தியில் ஃப்ரியோடூர் (குளிரூட்டிக் கடினமாக்கிய உருக்குக்கு அவர்கள் வைத்த பெயர்) என்று இருந்தால் 1939க்கு முந்தியதாக இருக்க முடியாது. சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா, பிரான்ஸின் தியேர் என்ற ஊர்ப் பெயர்களும் வரும். அவை இங்கே அரிது, கிடைத்தால் விடாதீர்கள்.

ஊரும் நாடும் எழுதிய விதம் காலத்தைச் சொல்லும். ஜெர்மன் கத்திகளில் பொய்யாக ஷெஃபீல்ட் என்று குத்தி விற்பது 19ஆம் நூற்றாண்டில் பெரிய தலையிடி, பிரித்தானியா 1887இல் வணிகக் குறிச் சட்டம் கொண்டுவர அதுவும் ஒரு காரணம். அமெரிக்கா 1891 முதல் இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கேட்டது. ஆகவே 'இங்கிலாந்து', 'ஜெர்மனி' என்று நாட்டுப் பெயர் குத்திய கத்தி பெரும்பாலும் அதற்குப் பிற்பட்டது. நாட்டுப் பெயர் இல்லாதது அதற்கு முற்பட்டது என்று திருப்பிச் சொல்லிவிடாதீர்கள். இலங்கைக்கு வந்த கத்திக்கு அமெரிக்கச் சட்டம் பொருந்தாது. 'மேற்கு ஜெர்மனி' என்றால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. சோலிங்கன் என்ற பெயருக்கு ஜெர்மனியில் 1938 முதல் தனிச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது.

இரும்பின் பெயரும் குத்தியிருப்பார்கள். 'காஸ்ட் ஸ்டீல்' என்பது ஷெஃபீல்டில் ஹன்ட்ஸ்மன் 1740களில் உருவாக்கிய மூசை உருக்கின் (மண்கிண்ணத்தில் உருக்கி எடுத்தது) வழி வந்தது. 'சில்வர் ஸ்டீல்' விஞ்ஞானி ஃபாரடேயும் கத்தி செய்பவரான ஸ்டோடார்ட்டும் 1820ஐ ஒட்டி வெள்ளி கலந்து செய்து பார்த்த சோதனைகளுக்குப் பிறகு புகழ்பெற்ற சொல், அதை நம்பி வெள்ளி விலை கொடுக்க வேண்டாம். துருப்பிடிக்காத உருக்கு என்றால் 1913க்கு முந்தியது கிடையாது.

அரச கிரீடமும் ஜி.ஆர். என்ற எழுத்துகளும் கண்டால் உடனே 'நாலாம் ஜோர்ஜ், 1830க்கு முன்' என்று குதிப்பவர்கள் உண்டு. ஐந்தாம், ஆறாம் ஜோர்ஜ் மன்னர்களும் ஜி.ஆர்.தான், அது 1910 முதல் 1952 வரை இழுபடும். கட்டை வாலா, நீண்ட வாலா, ஆப்பா, குழிவா என்று முதலில் எழுதிவைத்த கொப்பியை எடுத்துப் பாருங்கள், எந்த ஜோர்ஜ் என்று அதுவே சொல்லிவிடும். வி.ஆர். என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. வி.ஆர். குத்திய தடித்த ஆப்பு அலகு, கற்பூரம் மணக்கும் பிடியில் நின்றால், பெரும்பாலும் அலகு அசல், பிடி பிறகு போட்டது. அதே எழுத்து முழுக் குழிவான அலகில் இருந்தால் செலுலாய்ட் பிடி பிறந்த நாளிலிருந்தே இருந்திருக்கலாம். அப்போது ஆணியைத் திரும்பப் பாருங்கள்.

வாங்கும்போதும் வைத்திருக்கும்போதும்

விற்பவரிடம் "எந்தக் காலத்தது?" என்று கேட்காதீர்கள், நீங்கள் விரும்புகிற காலம் பதிலாக வரும். "யார் பாவித்தது, எங்கே வைத்திருந்தீர்கள், பிடி எப்போதாவது உடைந்ததா?" என்று கேளுங்கள். "பிடியை எங்கட அப்பாதான் மாத்தினவர் மனே, கொம்பு வாங்கிச் சீவினவர்" என்று ஒரு வயதானவர் சொன்னால், அதை அப்படியே கொப்பியில் எழுதுங்கள். சேகரிப்புக்கு அந்த வரி, அசல் பிடிக்குக் குறையாத பெறுமதி. உண்மையில் மிகப் பழையது என்று தெரிந்த கத்தியை வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இருக்கிறது, தொல்லியல் திணைக்களத்தில் விசாரித்துவிட்டு அனுப்புங்கள்.

வீட்டில் வைக்கும்போது அசல் கடதாசிப் பெட்டி இருந்தாலும் அதற்குள் கத்தியை வைக்காதீர்கள். பெட்டி ஈரத்தை இழுக்கும். பெட்டியைத் தனியாகவும், கத்தியை எண்ணெய் தடவிக் காற்றோட்டமான தட்டிலும் வையுங்கள். செலுலாய்ட் பிடிக்காரர்களுக்குத் தனித் தட்டு. கார்த்திகை முதல் தை வரை கிழமைக்கு ஒரு தடவையாவது எடுத்துத் துடைத்து, எண்ணெயைப் புதுப்பியுங்கள்.